ஐந்து ஆட்டங்களில் ஒரு வீரரைப் பதம் பார்க்க முடியுமா?

2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பருவம் தொடங்கியபோது, இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து அப்போதுதான் மேலேறி வந்திருந்த நார்விச் சிட்டி அணிக்கு முதல் ஆட்டமே லிவர்பூலின் மைதானத்தில் அமைந்தது. 4-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் நார்விச்சின் ஒரே கோலை அடித்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த முன்கள வீரர் டீமு புக்கி. அடுத்த ஆட்டத்தில் நியூகாசிலுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். அதற்கடுத்து செல்சிக்கு எதிராக ஒன்று. ஐந்தாவது ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனாக இருந்த மான்செஸ்டர் சிட்டியை நார்விச் 3-2 என்று வீழ்த்தியபோது மேலும் ஒன்று. ஐந்து ஆட்டங்களில் ஆறு கோல்கள். ஆகஸ்டு மாதத்தின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது. அந்த நாள்களில் நார்விச் ரசிகர் ஒருவரிடம் உங்கள் அணியின் சிறந்த வீரர் யார் என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார்.

பருவம் முடிந்தபோது புக்கியின் கணக்கில் 11 கோல்கள் இருந்தன. அதாவது, எஞ்சிய 33 ஆட்டங்களில் ஐந்து. நார்விச் 21 புள்ளிகளுடன் கடைசி இடத்தைப் பிடித்து, வந்த வழியே கீழே இறங்கியது.

அந்த ரசிகரின் மதிப்பீடு தவறா? அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆறு கோல்களும் உண்மையானவை. அவற்றில் மூன்று, லிவர்பூல், செல்சி, மான்செஸ்டர் சிட்டி போன்ற வலிமையான அணிகளுக்கு எதிராக அடிக்கப்பட்டவை. ஆயினும் அந்த ஐந்து ஆட்டங்களை வைத்து வரவிருக்கும் 33 ஆட்டங்களைக் கணித்த எவரும் ஏமாந்திருப்பார். நடந்ததை மதிப்பதும், நடந்ததைக் கொண்டு இனி நடக்கப்போவதைச் சொல்வதும் இரு வேறு வேலைகள். பருவத்தின் தொடக்கத்தில் ரசிகர்களாகிய நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பதை, புள்ளியியல் படிக்காதவரும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. சமையலறையில் அது பொய்த்துப் போவதே இல்லை. ஏன் பொய்ப்பதில்லை என்று சற்று யோசித்தால், அதற்குள் இரண்டு நிபந்தனைகள் மறைந்திருப்பது தெரியும். முதலாவது, பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்திருக்கிறது. கரண்டி போட்டுக் கிளறியும் விட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு பருக்கைக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. இரண்டாவது, பதம் பார்ப்பவர் எந்தப் பருக்கையையும் தேடிப் பொறுக்குவதில்லை. கரண்டியில் வந்ததை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். கால்பந்தில் இந்த இரண்டு நிபந்தனைகளும் உடைந்துபோகின்றன. ஒரு வாரம் லீக்கின் தலைசிறந்த அணியோடு வெளியூரில் ஆட வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் தடுமாறிக்கொண்டிருக்கும் அணியோடு சொந்த மைதானத்தில். ஒருநாள் நடுவர் பத்தாவது நிமிடத்திலேயே எதிரணி வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை காட்டிவிடுகிறார், மற்றொருநாள் மழையில் பந்து உருளவே மறுக்கிறது. இதைவிட முக்கியமானது இரண்டாவது நிபந்தனை. நாம் ஒரு வீரரைப் பற்றிப் பேசத் தொடங்குவதே அவர் நம் கண்ணில் பட்டுவிட்ட பிறகுதான்.

இந்த இரண்டாவது நிபந்தனை உடையும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு லீக்கில் 20 அணிகள் உள்ளன. ஒவ்வொரு அணிக்கும் ஒரு முன்கள வீரர். இந்த 20 பேரும் திறமையில் அச்சு அசலாக ஒருவருக்கொருவர் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்துக்கு மூன்று முறை கோலை நோக்கி அடிக்கிறார்கள். அடிக்கும் பத்து ஷாட்களில் சராசரியாக ஒன்று கோலாகிறது. உண்மையான கால்பந்திலும் ஏறத்தாழ இதுவே விகிதம் என்பதால், இது ஒன்றும் விசித்திரமான கற்பனை அல்ல. ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது ஒவ்வொருவரும் 15 ஷாட்கள் அடித்திருப்பார்கள். சராசரிப்படி ஒன்றரை கோல் வர வேண்டும்.

ஆனால் யாருக்கும் ஒன்றரை கோல் வரப்போவதில்லை. 15 ஷாட்களும் வீணாவதற்கான வாய்ப்பைக் கணக்கிட, 0.9 என்ற எண்ணை 15 முறை தன்னோடு தானே பெருக்க வேண்டும். விடை 0.2-க்குச் சற்று மேல். எனவே 20 பேரில் ஏறத்தாழ நான்கு பேர் ஐந்து ஆட்டங்கள் முடிந்தும் ஒரு கோல்கூட இல்லாமல் நிற்பார்கள். மறுபுறம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரை. 20 பேரில் ஒருவருக்கு அது நேரும் என்று எதிர்பார்க்கலாம். ஆக, நான்கு ஊர்களில் ரசிகர்கள் தங்கள் முன்கள வீரரை மாற்றச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருப்பார்கள். ஓர் ஊரில் தங்கள் வீரரின் பெயரைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அந்த ஐந்து வீரர்களுக்கும் இடையே திறமையில் இம்மியளவு வேறுபாடும் கிடையாது. எனக்கு இந்தக் கணக்கு முதன்முதலில் விளங்கியபோது, அதுவரை பருவந்தோறும் செப்டம்பரில் நான் உரக்கச் சொல்லிவந்த தீர்ப்புகளில் எத்தனை வெறும் தற்செயலைப் பற்றியவை என்ற கேள்வி பல நாள் என்னை விட்டு அகலவில்லை.

அந்த நான்கு கோல் வீரர் இனி என்ன செய்வார்? 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அவருக்கு இன்னும் 33 ஆட்டங்கள், ஏறத்தாழ 99 ஷாட்கள் மீதம் உள்ளன. பத்துக்கு ஒன்று என்ற அவருடைய உண்மையான விகிதப்படி அவற்றிலிருந்து சுமார் பத்து கோல்கள் வரும். பருவ முடிவில் 14 அளவில் நிற்பார். தொடக்கத்தின் வேகத்தை அப்படியே நீட்டிக் கணக்கிட்ட ரசிகரோ 30 கோல்களை எதிர்பார்த்திருப்பார். அசாதாரணமான ஒரு தொடக்கத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் சாதாரணத்துக்கு அருகில் இருக்கும் என்ற இந்தப் போக்கைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு இதைக் கண்டறிந்தார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள், ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. தொடக்கத்தில் அதிகமாக அடித்துவிட்டார், ஆகவே இனி அதற்கு ஈடாகக் குறைவாக அடிப்பார் என்று பொருள் கொள்வது பிழை. அதிர்ஷ்டம் யாரிடமும் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. அந்த வீரர் தம்முடைய வழக்கமான அளவில் அடிப்பார், அவ்வளவுதான். தொடக்கத்தில் அடித்த நான்கு கோல்கள் அவர் கணக்கில் பத்திரமாக இருக்கும். கோலே இல்லாத நால்வருக்கும் இதுவே விதி. அவர்கள் இழந்ததை ஈடுகட்டப் போவதில்லை, ஆனால் வறட்சி தொடரும் என்று நம்புவதற்கும் காரணம் இல்லை.

வறட்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஹாரி கேனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2014-15 பருவத்தில் டோட்டன்ஹாம் அணிக்காக லீக்கில் 21 கோல்கள் அடித்த அவர், அடுத்த பருவத்தின் முதல் ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஒரு பருவத்தோடு ஓய்ந்துபோகும் வீரர் என்ற முத்திரையை அவர் மீது குத்தப் பலர் ஆயத்தமாக இருந்தார்கள். 2015 செப்டம்பர் 26 அன்று மான்செஸ்டர் சிட்டியை டோட்டன்ஹாம் 4-1 என்று வென்ற ஆட்டத்தில் அந்தப் பருவத்தின் முதல் லீக் கோலை அடித்தார். பருவ முடிவில் 25 கோல்களுடன் லீக்கின் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். அடுத்த பருவத்தில் 29 கோல்களுடன் மீண்டும் பெற்றார். பிரீமியர் லீக்கில் ஆகஸ்டு மாதத்தில் அவருடைய முதல் கோல் வந்தது 2018இல், ஃபுல்ஹாம் அணிக்கு எதிராக. இடையில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அவரைப் பற்றிக் கவலைப்பட்ட ரசிகர்கள், ஒவ்வொரு மே மாதத்திலும் அந்தக் கவலையை மறந்துபோனார்கள்.

கோல்கீப்பர்களின் நிலை இதைவிடக் கொடியது. முன்கள வீரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிடலாம், கோல்கீப்பரின் ஒரே பிழை ஊரறியப் போய்விடும். 2011இல் அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த இருபது வயது டேவிட் டி கேயா, தம் முதல் லீக் ஆட்டத்தில் வெஸ்ட் பிராம் வீரர் அடித்த, எளிதில் பிடித்திருக்கக்கூடிய ஒரு ஷாட்டைக் கோலாக விட்டார். இங்கிலாந்தின் ஆட்டத்துக்கு உடல் வலு போதாதவர் என்ற பேச்சு உடனே எழுந்தது. பின்னாளில் அதே கிளப்பின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதை நான்கு முறை வென்றவர் அவர்.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு, பருவத்தின் தொடக்கத்தில் எதையுமே சொல்லக் கூடாது என்ற முடிவுக்கு ஒருவர் வரக்கூடும். அது எனக்கு உடன்பாடில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதும் நம் பழமொழிதானே. முளையில் எதைப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கோல் என்பது கால்பந்தில் அரிதாக நிகழ்வது. அரிதாக நிகழும் ஒன்றை வைத்து அளந்தால், நம்பத்தக்க விடை கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். அடிக்கடி நிகழ்வதை வைத்து அளந்தால் விரைவில் கிடைக்கும். ஒரு முன்கள வீரர் ஐந்து ஆட்டங்களில் இரண்டு கோல்தான் அடித்திருப்பார். ஆனால் பதினைந்து ஷாட்கள் அடித்திருப்பார், பெனால்டி பகுதிக்குள் பந்தை முப்பது நாற்பது முறை தொட்டிருப்பார், தடுப்பாட்ட வீரர்களின் முதுகுக்குப் பின்னால் நூறு முறை ஓடியிருப்பார். கோல் எண்ணிக்கை இன்னும் வேகாத அரிசி என்றால், அந்த ஓட்டங்கள் பதம் பார்க்கத் தகுந்த சோறு.

ஷாட்களிலும் எல்லாம் ஒன்றல்ல. கோலுக்கு ஆறு கஜத் தொலைவிலிருந்து தட்டிவிடுவதும், முப்பது கஜத் தொலைவிலிருந்து ஓங்கி உதைப்பதும் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு ஷாட்தான். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இன்று தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் அடிக்கடி கேட்கும் எக்ஸ்பெக்டெட் கோல்ஸ் என்ற அளவு. தமிழில் எதிர்பார்ப்புக் கோல் எனலாம். கடந்தகால ஆட்டங்களின் பல்லாயிரம் ஷாட்களைத் தொகுத்து, இந்த இடத்திலிருந்து, இந்தக் கோணத்தில், காலாலோ தலையாலோ அடிக்கப்பட்டவற்றில் எத்தனை கோலானது என்று பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பு தருகிறார்கள். பெனால்டி உதையின் மதிப்பு நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மேல். பெனால்டி பகுதிக்கு வெளியே வெகுதூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டின் மதிப்பு நூற்றில் மூன்று நான்கு அளவிலேயே இருக்கும். ஒரு வீரரின் எல்லா ஷாட்களின் மதிப்பையும் கூட்டினால், அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளிலிருந்து சராசரியான ஒருவர் எத்தனை கோல் அடித்திருப்பார் என்பது தெரியும். 2017 முதல் பிபிசியின் மேட்ச் ஆஃப் த டே நிகழ்ச்சியே இதைக் காட்டத் தொடங்கியதால், ஒருகாலத்தில் ஆய்வாளர்களின் மேசையில் மட்டும் இருந்த இந்த எண் இன்று எந்த ரசிகருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஐந்து ஆட்டங்களுக்குப் பின் இதை எப்படிப் படிப்பது? கோல் ஐந்து, எதிர்பார்ப்புக் கோல் ஒன்றரை என்றால், அந்த வீரர் மிக அருமையாக அடித்திருக்கிறார், அல்லது பந்து அவர் சொன்னபடியெல்லாம் கேட்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அதே விகிதம் நீடிப்பது கடினம். கோல் ஒன்று, எதிர்பார்ப்புக் கோல் நான்கு என்றால், முதலில் அவர் மீது எரிச்சல்தான் வரும். ஆனால் அவர் ஒவ்வொரு வாரமும் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நிற்கிறார் என்பதற்கு அது சான்று. என்னைக் கேட்டால், இந்த இருவரில் பருவம் முழுதும் நம்பி ஆட விடத்தக்கவர் இரண்டாமவரே. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஐந்து ஆட்டங்களின் எதிர்பார்ப்புக் கோலும் சிறிய எண்ணிக்கையிலிருந்து வந்ததே. இரண்டு பெனால்டிகள் கிடைத்துவிட்டாலே அது ஒன்றரைக்கு மேல் உயர்ந்துவிடும். அதனால் பெனால்டிகளைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தொலைதூர ஷாட்களின் மயக்கத்துக்கு 2008-09 பருவத்தின் ஹல் சிட்டி சாட்சி. தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இங்கிலாந்தின் உயர்ந்த அடுக்குக்கு வந்திருந்த அந்த அணி, முதல் ஒன்பது ஆட்டங்களில் ஆறு வெற்றிகளோடு 20 புள்ளிகளைச் சேர்த்தது. அந்த நாள்களின் நாயகன் பிரேசில் வீரர் ஜியோவானி. ஆர்சனல் அணியின் சொந்த மைதானத்தில் அவர் வெகுதொலைவிலிருந்து கோலின் மேல் மூலைக்கு அனுப்பிய பந்தைப் பார்த்த எந்த ரசிகரும் அதை மறந்திருக்க மாட்டார். அத்தகைய கோல் எத்தனை அழகோ அத்தனை அரிது. அதை நம்பி ஓர் அணி வாரந்தோறும் வெல்ல முடியாது. எஞ்சிய 29 ஆட்டங்களில் ஹல் மேலும் இரண்டே வெற்றிகளைப் பெற்று, மொத்தம் 35 புள்ளிகளோடு 17ஆம் இடத்தில் முடிந்து, கீழ் அடுக்குக்குத் தள்ளப்படும் தகுதியிறக்கத்திலிருந்து மயிரிழையில் தப்பியது.

அடுத்ததாக, நாம் பருவத்தைத் தொடங்கும்போது வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு வீரர் இதற்கு முன் என்ன செய்தார் என்ற அறிவு நம்மிடம் இருக்கிறது. கடந்த 70 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்த ஒருவர் இந்தப் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் ஐந்து கோல்கள் அடித்தால், அவர் இனி ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிப்பவர் ஆகிவிட்டாரா? இரண்டையும் சேர்த்தால் 75 ஆட்டங்களில் 33 கோல்கள், ஆட்டத்துக்கு 0.40 ஆக இருந்தது 0.44 ஆகியிருக்கிறது. 38 ஆட்டங்களுக்கு நீட்டினால் 15 கோல் வீரர் என்று நாம் நினைத்திருந்தவர் 17 கோல் வீரர் ஆகியிருக்கிறார். இந்த எளிய கூட்டல் எல்லா நுணுக்கங்களையும் உள்ளடக்கவில்லை. வீரரின் வயது, முன்பு ஆடிய லீக்கின் தரம், இப்போது அவர் ஆடும் இடம் ஆகியவற்றுக்கேற்பப் பழைய ஆட்டங்களின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆனால் புதிய சான்று பழைய சான்றை அழிப்பதில்லை, அதன் மேல் சேர்கிறது என்ற அடிப்படை இதில் தெளிவாகத் தெரிகிறது.

எர்லிங் ஹாலண்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டிக்காக அவர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் ஒன்பது கோல்கள் அடித்தார். வேகம் குறைந்தும் 36 கோல்களுடன் முடித்து, பிரீமியர் லீக்கின் ஒரு பருவச் சாதனையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார். புக்கியின் ஆறு கோல்களை நம்பியவர் ஏமாந்தார், ஹாலண்டின் ஒன்பது கோல்களை நம்பியவர் ஏமாறவில்லை. ஆகஸ்டிலேயே இருவரையும் வேறுபடுத்திக் காட்டும் தகவல் இருந்தது. ஹாலண்ட் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் அணிக்காக 89 ஆட்டங்களில் 86 கோல்கள் அடித்துவிட்டு, லீக்கிலேயே அதிக வாய்ப்புகளை உருவாக்கும் அணிகளில் ஒன்றுக்கு வந்திருந்தார். புக்கியும் முந்தைய பருவத்தில் 29 கோல்கள் அடித்தவர்தான், ஆனால் ஓர் அடுக்கு கீழே. அவரோடு மேலேறி வந்த நார்விச்சோ, தற்காத்துக்கொள்ளவே போராட வேண்டிய அணி.

இந்தப் பாகுபாட்டில் அடங்காதவர்களும் உண்டு. 2012இல் ஸ்பெயினின் ராயோ வாயேகானோவிலிருந்து 20 லட்சம் பவுண்டுக்கு ஸ்வான்சீ சிட்டி வாங்கிய மிச்சு, முதல் ஆட்டத்திலேயே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிரான 5-0 வெற்றியில் இரண்டு கோல்கள் அடித்தார். சராசரியை நோக்கித் திரும்புவார் என்று பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் அவர் அந்தப் பருவத்தில் 18 லீக் கோல்கள் அடித்து, ஸ்வான்சீ அணி லீக் கோப்பையை வெல்லவும் துணைநின்றார். அடுத்த பருவத்தில் காயங்கள் அவரை முடக்கின. லீக்கில் இரண்டே கோல்கள். உடல் எப்போது ஒத்துழைக்க மறுக்கும் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. ஸ்வான்சீ ரசிகர்கள் அந்த ஒரு பருவத்தை இன்றும் நெஞ்சில் வைத்திருப்பது முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

தனிமனிதரை எடைபோடும்போது அவரைச் சுற்றியிருப்பவர்களையும் தராசில் வைக்க வேண்டும். 2017-18 பருவத்தில் கிறிஸ்டல் பேலஸ் அணி முதல் ஏழு லீக் ஆட்டங்களிலும் தோற்றது. ஏழிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த ஏழு வாரங்களில் அணியின் ஒவ்வொரு வீரரும் மோசமானவராகவே தோன்றியிருப்பார். ஆனால் அவர்களுடைய முதன்மையான தாக்குதல் வீரர் வில்ஃபிரட் ஜாஹா முதல் ஆட்டத்திலேயே காயமடைந்திருந்தார். அக்டோபர் 14 அன்று அவர் திரும்பிய ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனான செல்சியைப் பேலஸ் 2-1 என்று வென்றது. கோல் அடித்தவர்களில் ஜாஹாவும் ஒருவர். பருவம் முடிந்தபோது அணி 11ஆம் இடத்தில் இருந்தது. இடையில் பயிற்சியாளரும் மாறியிருந்ததால், மீட்சியின் பெருமை முழுவதையும் ஒருவருக்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும், ஒரு வீரரின் மதிப்பு அவர் இல்லாத ஆட்டங்களிலும் எழுதப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காண்பது அரிது.

எண்களைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டதால், வாரந்தோறும் முழு ஆட்டத்தையும் பார்க்கும் ரசிகரின் கண்ணுக்கு மதிப்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சில நிமிடத் தொகுப்புக் காட்சிகளைப் பார்ப்பவருக்குக் கோல்கள் மட்டுமே தெரியும். முழு ஆட்டம் பார்ப்பவருக்கு, பந்து இல்லாத இடத்தில் நடப்பதும் தெரியும். 2015இல் பிரான்சின் கான் அணியிலிருந்து லெஸ்டர் சிட்டிக்கு வந்த என்கோலோ கான்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் தொடக்க வாரங்களில் பேச்செல்லாம், முதல் மூன்று ஆட்டங்களில் நான்கு கோல்கள் அடித்த ரியாத் மஹ்ரெஸைப் பற்றியது. பின்னர், தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்துச் சாதனை படைத்த ஜேமி வார்டியைப் பற்றியது. நடுகளத்தில் எதிரணியின் காலிலிருந்து பந்தை ஓயாமல் பறித்துக்கொண்டிருந்த கான்டேயின் முழு அளவு பலருக்குப் பிந்தித்தான் உறைத்தது. எதிரணி வீரரிடமிருந்து பந்தைப் பறிக்கும் டேக்கிள்கள் 175, எதிரணியின் பாஸ்களை இடைமறித்தவை 156: இரண்டிலும் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே முதலிடம். லெஸ்டர் சாம்பியனானது.

கான்டேயின் வேலை கோலைப்போல ஆட்டத்துக்கு ஒருமுறை நிகழ்வதல்ல, ஆட்டத்துக்குப் பல முறை நிகழ்வது. ஆகவே அவரைப் போன்ற ஒருவரை ஐந்து ஆட்டங்களுக்குள் அடையாளம் காண்பது, முன்கள வீரர் ஒருவரை அடையாளம் காண்பதைவிட எளிதாக இருந்திருக்க வேண்டும். நம் பார்வை பந்தின் பின்னாலேயே ஓடுவதால்தான் அது கடினமாகிறது. இதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்தில் பதினைந்து நிமிடங்களை ஒதுக்கி, பந்தை மறந்துவிட்டு ஒரே ஒரு வீரரை மட்டும் பார்ப்பேன். அணி நெருக்கடியில் இருக்கும்போது தோழர்கள் பந்தை அவரிடம் கொடுக்கத் தேடுகிறார்களா, அல்லது அவரைத் தவிர்க்கிறார்களா? பந்தை இழந்த மறுநொடி அவர் எங்கே ஓடுகிறார்? எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளைக்குப் பின் அவர் மேல் இரண்டாவது ஆளைக் காவலுக்கு நிறுத்துகிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால், அதைவிடச் சிறந்த சான்றிதழை எந்தப் புள்ளிவிவரமும் தர முடியாது. அவருடைய ஆட்டத்தைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் கொடுத்த சான்றிதழ் அது. தொலைக்காட்சியில் கேமரா பந்தையே பின்தொடர்வதால் இந்தப் பயிற்சி அரைகுறையாகத்தான் முடியும். மைதானத்தின் மேல்வரிசை இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது முழுமையாக வாய்க்கும்.

நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சி இதே பாடத்தை 2019-20 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் மிக நெருக்கத்தில் காட்டியது. முதல் நான்கு ஆட்டங்களில் அணிக்கு ஒரு கோலும் இல்லை. அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த, லித்துவேனியாவைச் சேர்ந்த முன்கள வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் வீண் செலவு என்று அப்போது யாரேனும் தீர்ப்பளித்திருந்தால், அதை மறுக்கக் கையில் எந்த எண்ணும் இருந்திருக்காது. ஐந்தாவது ஆட்டத்தில் ஐதராபாத்துக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் அடித்த கோல் சென்னைக்கு 2-1 என்று முதல் வெற்றியைத் தந்தது. ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலக, ஓவன் காய்ல் பொறுப்பேற்றார். பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோவின் பாஸ்களும் வால்ஸ்கிஸின் ஓட்டங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளத் தொடங்கின. அணி இறுதிப் போட்டி வரை சென்று, கோவாவில் பார்வையாளர்களே இல்லாத மைதானத்தில் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலையும் அடித்த வால்ஸ்கிஸ், மொத்தம் 15 கோல்களுடன் அந்தப் பருவத்தின் தங்கக் காலணியைப் பெற்றார்.